புதுப்பிப்பு: அரைநாள் பள்ளி போகும் மகனுக்கு இலவச மதிய உணவு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் படிக்கிறான். அவனால் முழுநாள் தாங்க முடியாது என்பதால் காலை பதினொன்றுக்கே கூட்டி வந்துவிடுவேன். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குவதால் இலவச உணவுக்குத் தகுதி இருந்தும், "மதியம் பள்ளியில் இருந்தால்தான் சாப்பாடு" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

சரி, இப்போது அந்தச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கடையில் உணவு வாங்கிக்கொள்ளும் வவுச்சர் வந்துவிட்டது.

ஒரே ஒரு மின்னஞ்சல்தான் வேலை செய்தது. அதில் எழுதியது இதுதான்: அவன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது, அதனால் 1996 கல்விச் சட்டப்படி உரிமை உண்டு. பள்ளியில் உட்கார்ந்து சாப்பிட முடியாததற்குக் காரணம் அவனுடைய குறைபாடு. 2010 சமத்துவச் சட்டப்படி பள்ளி நியாயமான மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். வவுச்சரும் அதில் ஒன்று. 2024-இல் திருத்திய கல்வித் துறை வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. அந்தப் பகுதியை அப்படியே ஒட்டி அனுப்பினேன். சமையலறையில் கேட்டுப் பயனில்லை, தலைமை ஆசிரியருக்கே எழுதுங்கள்.

பள்ளிப் பதிவிலேயே இல்லாமல், உள்ளூராட்சி ஏற்பாட்டில் வெளியே படிக்கும் பிள்ளைகள் நிலைமை இன்னும் கடினம். அவர்கள் உள்ளூராட்சியிடம்தான் கேட்க வேண்டும். தயவுசெய்து கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

நேற்று வவுச்சரில் அவன் சாப்பிடும் ஒரே வகை பாஸ்தாவை நான்கு பாக்கெட் வாங்கினோம். அவனே எடுத்துக் கூடையில் வரிசையாக அடுக்கினான்.