பொருள்: டெரிடாவின் 'டிஃபெரான்ஸ்' தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

நாணல் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

முதுகலை மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. போலந்துக் கவிஞர் ஷிம்போர்ஸ்காவின் 'மிக விந்தையான மூன்று சொற்கள்' கவிதையைப் பிரெஞ்சுத் தத்துவவாதி டெரிடா வழியாகப் படிக்கிறோம். ஆறே வரி. எதிர்காலம் என்று சொல்ல வாயெடுத்தால் முதல் அசை அதற்குள் கடந்தகாலமாகிவிடுகிறது. மௌனம் என்றால் மௌனம் கலைகிறது. ஒன்றுமில்லை என்றால் ஏதோ ஒன்று உண்டாகிவிடுகிறது.

'டிகன்ஸ்ட்ரக்ஷன்', அதாவது ஒரு பிரதிக்குள் இருக்கும் முரண்களைத் தேடிப் படிக்கும் டெரிடாவின் முறை, அதற்கான 'கட்டுடைப்பு' மாணவர்களுக்குப் பழகிவிட்டது. மாட்டிக்கொண்டது 'டிஃபெரான்ஸ்'. 'டிஃபெரே' என்ற பிரெஞ்சு வினைக்கு வேறுபடு, ஒத்திப்போடு என இரு பொருள். பெயர்ச்சொல்லில் முதல் பொருள்தான் மிஞ்சியது. டெரிடா அந்தப் பெயர்ச்சொல்லில் ஓர் உயிரெழுத்தை (e-ஐ a ஆக) மாற்றி, இரு பொருளும் சேர்ந்த 'டிஃபெரான்ஸ்' என்று எழுதி, 1968 ஜனவரியில் பாரிஸில் அதைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். மாற்றிய எழுத்து கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. தமிழில் இதற்கு என்ன வைக்கலாம்?

---

ஒத்தைவரி எழுதியது:

டிஃபெரான்ஸ் என்றே போடுங்கள். பஸ், டிக்கெட் எல்லாம் வந்த வழியில் இதுவும் வரட்டும்.

---

தேமாங்காய் எழுதியது:

பஸ்ஸில் தினமும் ஏறுகிறோம், தம்பி. டிஃபெரான்ஸில் யார் ஏறுகிறார்கள்?

முதலில் 'கட்டுடைப்பு' என்பதையே நான் ஏற்கவில்லை. உடைப்பது வேறு, அவிழ்ப்பது வேறு. பூ கட்டவிழும் என்பது நம் வழக்கு. 1983இல் ஜப்பானிய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் டெரிடாவே இதை அழிவுவேலையாகப் பார்க்க வேண்டாம் என்கிறார். எனவே கட்டவிழ்ப்பு.

கேட்ட சொல்லுக்கு: 'வேற்றுமை' இருக்கிறதே! "வேற்றுமை தாமே ஏழென மொழிப" என்றார் தொல்காப்பியர், பிறகு விளியைச் சேர்த்து எட்டு என்றார். போலிஷிலும் வேற்றுமை உருபுகள் உண்டு, விளியோடு சேர்த்து ஏழு. பெயர் தனியே நின்று பொருள் தராமல் உருபு ஏற்றுப் பொருள் வேறுபடுவதுதான் வேற்றுமை. இதைவிட டெரிடாவுக்கு நெருக்கமாக என்ன வேண்டும்?

---

நாணல் எழுதியது:

புலவர் ஐயா, வேற்றுமை என்றதும் மாணவர்கள் ஐ, ஆல், கு என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். கட்டவிழ்ப்பைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே, தயவுசெய்து.

---

வேணாட்டான் எழுதியது:

டீச்சர், 'தள்ளிவைப்பு' என்று வையுங்கள். 'கடை கொஞ்சம் தள்ளி இருக்கு' என்றால் இடம். 'கல்யாணத்தைத் தள்ளி வெச்சாச்சு' என்றால் காலம். பிரெஞ்சுக்காரர் எழுத்தை மாற்றிச் செய்ததை நம்மவர்கள் சும்மாவே செய்திருக்கிறார்கள்.

'ஒத்திவைப்பு' மட்டும் வேண்டாம். ஒத்தி என்றால் ஒத்திக்கு வீடு பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். போதாததற்கு ஒத்திருத்தல் உள்ளே நிற்கிறது. வேறுபாட்டைச் சொல்ல வந்த சொல்லுக்குள் ஒப்புமையா?

---

தேமாங்காய் எழுதியது:

பெண்டாட்டியைத் தள்ளிவைத்தான் என்பதும் அதே சொல்தான். வகுப்பில் சிரிப்பு வரும். அந்த ஒத்தியும் ஒப்புமையும் ஒரே வேரா என்பதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

---

ஒத்தைவரி எழுதியது:

வேண்டாம் ஐயா.

---

நாணல் எழுதியது:

தள்ளிவைப்பு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதில் கேளாத எழுத்து இல்லை. இந்தக் கவிதைக்கு அது அவசியம்.

போலிஷில் எதிர்காலம் 'ப்ஷிஷ்வோஷ்ச்', கடந்தகாலம் 'ப்ஷெஷ்வோஷ்ச்'. வந்து சேர்வது ஒன்று, கடந்து போவது மற்றது. நம் வருங்காலம், கடந்தகாலம் மாதிரியேதான். நடுவில் ஓர் உயிரொலிதான் வித்தியாசம், அதுவும் முதல் அசையில். கடந்தகாலத்துக்குப் போய்விட்டதாகக் கவிஞர் சொல்வதும் அந்த அசையைத்தான். மொழிபெயர்ப்பில் இது காணாமல் போகிறது.

இரண்டாவது சொல்லில்தான் டெரிடாவோடு உரசல். கவிதையில் மௌனம் உச்சரித்ததும் அழிகிறது. டெரிடாவின் எழுத்தோ உச்சரித்தாலும் மௌனமாகவே இருக்கிறது. வகுப்பில் இந்த இடத்தில்தான் நின்று பேசப்போகிறேன். எனவே வேறுபாடு என்பதை 'வேருபாடு' என்று எழுதினால்? றகரம் ரகரமாகிறது, காதுக்குத் தெரியாது.

---

வேணாட்டான் எழுதியது:

யார் காதுக்கு? எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் நன்றாகத் தெரியும். கறிக்கடையில் போய்க் கரி கேட்டால் சிரிப்பார்கள். உங்கள் ஊரில் றகரம் செத்துவிட்டது என்பதற்காக அதைத் தத்துவம் ஆக்காதீர்கள்.

இன்னொன்று, அதற்குள் 'வேர்' உட்கார்ந்திருக்கிறது. மூலம், ஆதி, அடி என்று எதுவும் கிடையாது என்பவர் தலையில் வேரைக் கட்டுகிறீர்களே!

---

தேமாங்காய் எழுதியது:

இலக்கணப்படியும் நிற்காது. 'வேறு' நெடில்தொடர்க் குற்றியலுகரம், உகரத்துக்கு அரை மாத்திரை. ரகரம் வல்லினம் இல்லை, ஆகவே 'வேரு'வின் உகரம் முற்றியலுகரம், ஒரு மாத்திரை. காதுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கேளாத எழுத்துத்தான் வேண்டுமென்றால் முந்நூறும் முன்னூறும் இருக்கின்றன. முதலாவது மூன்று நூறு, மற்றது முன்னால் உள்ள நூறு. குமரிக்காரர் காதும் பிரித்தறியாது என்று நினைக்கிறேன். இதை வைத்து ஏதாவது செய்யலாம்.

---

ஒத்தைவரி எழுதியது:

என்ன செய்யலாம்? டெரிடாவுக்கு முந்நூறு என்று பெயர் வைக்கலாமா?

போலிஷ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். வேறுபாடு அங்கே 'ருஷ்னித்ஸா'. அதன் வாலை நறுக்கி 'ருஷ்னியா' என்று புதுச்சொல் செய்திருக்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் ருஷ்னித்ஸாவுக்குள் 'நித்ஸ்' முழுசாக இருக்கிறது. 'நித்ஸ்' என்றால் ஒன்றுமில்லை. கவிதையின் மூன்றாவது சொல்லே அதுதான். டீச்சர், குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

நாணல் எழுதியது:

சேர்த்துவிட்டேன், நன்றி! அடுத்த தேர்வில் இதைக் கேள்வியாகவே கேட்பேன்.

---

தேமாங்காய் எழுதியது:

தற்செயலைத் தத்துவமாக்குகிறோமோ? ஷிம்போர்ஸ்கா அம்மையார் 1996 நோபல் உரையில் 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லைத்தான் கொண்டாடினார். ஆறு வரியை ஆறு வரியாகப் படித்தால் என்ன குறைந்துவிடும்? டெரிடா இல்லாமலும் பிள்ளைகளுக்கு அது புரியும்.

---

நாணல் எழுதியது:

புரியும் ஐயா. பாடத்திட்டத்தில் டெரிடா இருக்கிறாரே!

நாளை வெள்ளி. வேருபாடு என்றே போடுகிறேன். வேர் பற்றிய ஆட்சேபத்தையும் குமரிக் காதையும் அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறேன். மறுப்பு உண்டா?

---

ஒத்தைவரி எழுதியது:

சரி. அச்சகத்தில் சொல்லி வையுங்கள், பிழைதிருத்துபவர் எல்லாவற்றையும் வேறுபாடு என்று மாற்றிவிடுவார்.

---

தேமாங்காய் எழுதியது:

மாற்றினால் தமிழ் பிழைத்தது. மற்றபடி, சரி, உங்கள் இஷ்டம்.

---

வேணாட்டான் எழுதியது:

என் வாக்கு தள்ளிவைப்புக்கு. அடிக்குறிப்பில் அதையும் போடுங்கள். அடுத்து டெரிடாவின் 'த்ராஸ்' (பிரெஞ்சில் தடம்) வரும், அதற்கும் இங்கேதான் வருவீர்கள்.

---

நாணல் எழுதியது:

அதற்குச் 'சுவடு' என்று எழுதியாகிவிட்டது அண்ணாச்சி. விவாதத்துக்கு விடப்போவதில்லை.

---

தேமாங்காய் எழுதியது:

சுவடா? சுவடியா? இப்போதே சொல்லிவிடுகிறேன்...