கொல்மார் உன்டர்லிண்டன் அருங்காட்சியகம்: ஐசன்ஹைம் பீடத்தை எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி:
பிரான்சில் உள்ள கொல்மாரில் அரை நாள்தான் கிடைக்கும். அங்குள்ள ஐசன்ஹைம் பீடம், அதாவது ஓவியப் பலகைகளும் சிற்பங்களும் கொண்ட பழைய கோயில் பீடம், கதவுபோல் இரண்டு முறை திறக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அங்கேயோ பலகைகளைக் கழற்றித் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்களாம். எங்கே தொடங்கினால் குழப்பம் வராது?

பதில் 1:
செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் 13ஆம் நூற்றாண்டு தொமினிக்கன் கன்னியர் மடம். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைந்து, 1853இல் அருங்காட்சியகமானது. பீடம் நிற்பது மடத்தின் பழைய கோயிலுக்குள். நுழைந்ததும் சுவரில் இருக்கும் சிறிய மாதிரிகளைப் பாருங்கள், எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது பிடிபடும்.

முதலில் சிலுவைப்பாடு. இரு பக்கமும் செபஸ்தியாரும் அந்தோணியாரும். சாதாரண நாட்களில் மூடிய பீடம் இப்படித்தான் இருக்கும். அதைச் சுற்றிப் பின்னால் போனால் எதிரே வானதூதர் இசையும் இயேசு பிறப்பும். உடனே திரும்பிப் பாருங்கள்: சிலுவைப்பாட்டின் முதுகில் மங்கள வார்த்தையும் (மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி) இயேசுவின் உயிர்ப்பும் இருக்கும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் முதல் திறப்பு. பலர் திரும்பாமலே நடந்துவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான். பின்பக்கமாகப் பார்ப்பதால் இடம் வலமாக மாறித் தெரியும். மங்கள வார்த்தை உண்மையில் இடது ஓரத்தில் வரவேண்டியது.

அடுத்த இடைவெளியிலும் அப்படியே. எதிரே ஹாகனாவ் என்ற சிற்பி செதுக்கிய மரச்சிற்பங்கள், முதுகுப்பக்கம் அந்தோணியாரைப் பேய்கள் சோதிப்பதும் அவர் வனத்துத் துறவி சின்னப்பரைச் சந்தித்ததும். இது இரண்டாம் திறப்பு.

கேட்டவர்:
பதுவை அந்தோணியார்தானே?

பதில் 2:
இல்லை, இவர் வனத்து அந்தோணியார். கையில் குழந்தை இயேசு இருக்காது, 'T' வடிவக் கோல் இருக்கும். பீடத்தைப் புரிந்துகொள்ள இவர்தான் சாவி. ஐசன்ஹைமில் அந்தோணியார் சபைத் துறவிகள் மருத்துவமனை நடத்தினார்கள். ஓவியர் க்ரூனவால்ட் 1512 முதல் 1516 வரை அவர்களுக்காகத்தான் வரைந்தார். வந்த நோயாளிகள் பலருக்கு 'அந்தோணியார் நெருப்பு'. ரை தானியக் கதிரில் பூஞ்சை பிடித்து, மணி இருக்கவேண்டிய இடத்தில் கருங்கொம்புபோல் ஒன்று வளரும். அது மாவில் கலந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், எரிச்சலெடுத்து விரல்களும் கால்களும் கறுத்து அழுகும். சோதனைப் பலகையின் இடது கீழ்மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் புண்ணோடு ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். அவனைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் போய்ச் சிலுவையில் இருக்கும் உடலின் தோலைப் பாருங்கள், முள் தைத்த புண்கள் தெரியும் அளவுக்குப் பக்கத்தில். படுத்த நோயாளி தன் வலியை அங்கே அடையாளம் கண்டிருப்பான். சின்னப்பர் சந்திப்பில் காலடியில் வளர்ந்திருப்பவை அழகுக்கு வரைந்த புல் அல்ல, அந்த நோய்க்குப் பயன்பட்ட மூலிகைகள்.

பதில் 3:
நம் ஊர்க் கம்பில் வரும் தேன் ஒழுகல் நோயும் இதே இனப் பூஞ்சைதான். விஷம் வேறு, வாந்தி, தலைசுற்றல் வரும், கால் அழுகாது.

இன்னொன்று, பழைய புத்தகப் படங்களின் நிறத்தை நம்பவேண்டாம். 2018–2022 சீரமைப்பில் மஞ்சளித்த வார்னிஷை நீக்கினார்கள்; கறுப்பு என்று நினைத்த வானத்தில் நீலம் தெரிகிறது. பீடத்துக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். மீதி நேரத்தில் ஷோன்காவர் என்ற ஓவியரின் பலகைகள். 2015இல் சேர்த்த புதுக் கட்டடத்துக்கு நிலத்தடிக் கூடம் வழியே போகலாம், நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.