அட்டாரிக்கு அப்பால் யாரையாவது தெரியுமா?

திருச்சிக்காரன்:
பாகிஸ்தான்காரர் ஒருவரோடு பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கேள்விப்பட்டது வேண்டாம், பட்டதைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

அமிர்தசரஸில் வேலை பார்த்தபோது ஓர் ஆகஸ்ட் 14 இரவு எல்லை ஊரான அட்டாரிக்குப் போனேன். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தொண்ணூறுகளில் சிலரோடு தொடங்கிவைத்த வழக்கம் அது: சுதந்திரம் பிறந்த நள்ளிரவில் எல்லையில் மெழுகுவத்தி ஏந்தி நிற்பது. மாலைக் கொடியிறக்கத்தில் வீரர்கள் பூட்ஸ் காலை நெற்றி வரை தூக்குவதைப் பார்க்க வந்த பெருங்கூட்டம் எப்போதோ போய்விட்டது. நாங்கள் ஒரு சிறு கும்பல். ஒரே புழுக்கம். பூச்சிகள் வந்து மெழுகில் ஒட்டிக்கொண்டன. சூடு தாங்காமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்தேன். பன்னிரண்டு மணிக்கு ‘தோஸ்தி ஜிந்தாபாத்’ (நட்பு வாழ்க) என்று கத்தினோம். அந்தப் பக்கம் இருட்டு. “யாரும் வரவில்லையே” என்றேன். பக்கத்தில் நின்ற சர்தார் பெரியவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “அங்கே இப்போது பதினொன்றரைதான், பேட்டா.”

அரை மணி கழித்தும் யாரும் வரவில்லை. அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லையாம். ஆக, கேள்வி கேட்ட நானே இன்னும் ஒருவரையும் பார்த்ததில்லை.

சேப்பாக்கம் 99:
நான் பார்த்தேன், பதினொரு பேரை! 1999 ஜனவரி 31. சச்சின் 136 அடித்துவிட்டு வெளியேறியபோது வெற்றிக்கு 17 ரன்தான் பாக்கி. மீதி மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. அரங்கம் இழவு வீடு மாதிரி ஆயிற்று. பிறகு எங்கோ ஒரு மூலையில் கைத்தட்டல் தொடங்கியது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம். அந்த நாட்டைப் பற்றி ஆயுளில் ஒரு நல்ல வார்த்தை பேசாத என் சித்தப்பாவும் நின்றார். வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: “சண்டாளர்கள், நன்றாகத்தான் ஆடினார்கள்.”

வெராவல்வாசி:
சித்தப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் அந்தக் கைத்தட்டலுக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை, கார்கில் வந்துவிட்டது. நான் சொல்லப்போவது கைதட்ட ஆளில்லாத வேலை.

கணவருக்குக் குஜராத்தில், வெராவல் துறைமுகத்தில் உத்தியோகம். ராமேசுவரத்தில் பிறந்தவளுக்கு அந்த ஊர் வாடை புதிதில்லை. படகுத் தலைவரை நம் பக்கம் தண்டல் என்போம், அங்கே தண்டேல். கவலையும் அதேதான். குஜராத்துக்கும் பாகிஸ்தானின் சிந்துவுக்கும் இடையே உள்ள சர் கிரீக் கழிமுகப் பகுதியில் எல்லை இன்னும் தீர்மானமாகவில்லை, கடலில் கோடும் கிடையாது. மீன் போன வழியில் போனவர்களைப் பாகிஸ்தான்காரர்கள் பிடிப்பார்கள். அவர்களுடைய மீனவர்களை நம்மவர்கள் பிடிப்பார்கள். தண்டனைக் காலம் முடிந்தாலும், ‘இவர் எங்கள் ஆள்தான்’ என்று சொந்த நாடு உறுதி செய்யும்வரை சிறைதான்.

அந்த உறுதியில்தான் சிக்கல். குஜராத்தியில் சொன்ன பெயரை உருதுவில் எழுதி, அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது தகப்பன் பெயர் மகன் பெயராகிவிடும். ஊனா, கொடினார் பக்கத்துப் பெண்கள் ரேஷன் கார்டும் புகைப்படமுமாக வருவார்கள். நான் மனு எழுதுவேன். கராச்சிச் சிறையிலிருந்து வந்த கடிதங்களையும் கொண்டுவருவார்கள். ஐந்து பேர் கடிதத்திலும் ஒரே கையெழுத்து! மோசடி என்றே நினைத்தேன். ஒரு பெண் சிரித்துவிட்டாள்: “அந்தக் கொட்டடியில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான், அக்கா.”

கராச்சியில் இதே வேலையைச் செய்யும் ஓர் அம்மாவின் தொடர்பு கிடைத்தது. என்னைவிட மூத்தவர், பாஜி என்பேன். எங்கள் ஆட்களை அவர் விசாரிப்பார், அவருடைய ஆட்களை நான். ஒருமுறை கராச்சியின் இப்ராஹிம் ஹைதரி மீனவர் குப்பத்துப் பையன் ஒருவனைப் பற்றிக் கேட்டார். புஜ் நகர வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, மூன்று வாரம் கழித்துப் பதில் அனுப்பினேன்: ‘நலமாக இருக்கிறான். பல்வலி மட்டும்.’ பத்து நிமிடத்தில் பாஜியிடமிருந்து வந்தது: ‘எந்தப் பல் என்று அவன் அம்மா கேட்கிறார்.’

விடுதலையானவர்களைக் கராச்சியிலிருந்து லாகூர் வரை கூட்டிவரும் செலவைப் பாகிஸ்தானின் ஈதி அறக்கட்டளை ஏற்ற நாள்கள் உண்டு. அங்கிருந்து, அட்டாரிக்கு எதிரே அவர்கள் பக்கத்து எல்லையான வாகா. ஆள் வந்துவிடுவார், பிடிபட்ட படகு வராது. அந்தப் படகுக் கடனை யார் கட்டுவது என்பது தனிக் கதை.

2025 ஏப்ரலில் அட்டாரி வாயில் மூடப்பட்டது, மே மாதம் சண்டை. நானும் பாஜியும் பேசுவதை நிறுத்திவிட்டோம். பயம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 2008 ஒப்பந்தப்படி இரு அரசுகளும் ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஜூலையில் எங்கே நடக்கப்போகிறது என்றிருந்தேன். நடந்தது. அன்று இரவு பாஜியிடமிருந்து செய்தி: ‘பார்த்தாயா? மீனவர்கள், உங்களவர் 193, எங்களவர் 81. நாளை காலை தொடங்கலாமா?’

திருச்சிக்காரன்:
அந்தப் பல் என்ன ஆயிற்று?

வெராவல்வாசி:
கடைவாய்ப் பல். சிறையிலேயே பிடுங்கிவிட்டார்கள். அதையும் அவன் அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது.