சோலார் போடுறதுக்கு முன்னாடி மொட்டை மாடில என்னென்ன பாக்கணும்? (கடலூர், 3 கிலோவாட்)

கடலூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க வீடு தேவனாம்பட்டினம் பக்கம், கடல் கிட்டத்தான். அப்பா 1994ல கட்டுனது, கான்கிரீட் தளம், மேல தட்டோடு பதிச்சிருக்கு. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தர்ற பிஎம் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு பதிவு பண்ணியாச்சு, 78,000 மானியம் வரும். வெண்டார் வந்து மாடிய ஒரு சுத்து பாத்துட்டு "ரெண்டு நாள் வேலை மேடம், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்"னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. அம்மா துணி, வத்தல் எல்லாம் மாடிலதான் காயப்போடுவாங்க, அதனால எட்டடி உயரத்துல ஸ்டாண்ட் கேட்டிருக்கோம். எனக்கு பயம் என்னன்னா 2011ல தானே புயல் அடிச்சப்ப இந்தத் தெருவுல ஷீட்டெல்லாம் பறந்ததை நேர்ல பாத்தவங்க நாங்க, அவ்வளவு உயரத்துல ஆறு பேனல் நின்னா தாங்குமா? தளம் கனம் தாங்குமா? தெருப்பக்கம் கைப்பிடி சுவரை ஒட்டியே ஈபி கம்பியும் போகுது. வீட்ல யூபிஎஸ் பேட்டரியும் இருக்கு. அவங்க வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாங்க எதை எதை சரி பாக்கணும், எதை எழுதி வாங்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சைட்_இன்ஜினியர்:
மேடம், கனத்தைப் பத்தி அவ்வளவு கவலைப்படாதீங்க. ஒரு பேனல் 28 கிலோ வரும், ஆறு சேந்தா 170 கிலோ கிட்ட, ஸ்டாண்டோட சேத்தாலும் 300 சொச்சம்தான் ஆகும், நல்லா இருக்கற கான்கிரீட் தளத்துக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா தளத்துக்கு அடில போய் சீலிங்க பாருங்க, பூச்சு உதிர்ந்து கம்பி துரு தெரியுதா, மழைக்கு ஈரம் கசியுதான்னு. கடலோரத்துல 30 வருஷ வீடுன்னா இத முதல்ல பாக்கணும். கம்பி தெரிஞ்சா அத சரி பண்ணிட்டுத்தான் சோலார், அதுக்கு முன்னாடி வேணாம்.

உண்மையான பிரச்சனை காத்து கீழேர்ந்து தூக்கறது. ஐஎஸ் 875 (கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரம்) மூணாம் பாகத்துல சென்னை, பாண்டிச்சேரிக்கெல்லாம் காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர்னு போட்டிருக்கு, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரை, கோவைக்கு 39தான். நீங்க பாண்டிச்சேரிக்கு பக்கத்துல இருக்கீங்க, அதனால 50ஐயே வச்சுக்குங்க. அந்த வேகத்துக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம் வரும், ஆறு பேனல் சேந்து 15 சதுர மீட்டர், ஆக ரெண்டு டன்னுக்கு மேல. கோணம், உயரம் பொறுத்து கூடும் குறையும், ஆனா கணக்கு இந்த ரேஞ்சுதான். இப்ப நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா தட்டோட்டு மேலயே ஒரு அடிக்கு ஒரு அடி கான்கிரீட் கட்டைய ஊத்தி அதுல காலை நிறுத்திட்டுப் போயிடறாங்க. ஒரு கட்டை 68 கிலோ, ஆறு கால்னா 400 கிலோ, ஸ்டாண்ட் பேனல் எல்லாம் சேத்தாலும் முக்கால் டன் தாண்டாது. ரெண்டு டன் தூக்குனா எப்படி நிக்கும் சொல்லுங்க?

அதனால கால் வர்ற இடத்துல மட்டும் தட்டோட்டையும் அதுக்கு கீழ இருக்கற சுருக்கியையும் (சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி போட்ட அடுக்கு) எடுத்துட்டு, தளத்துலயே துளை போட்டு கெமிக்கல் ஆங்கர் (பசை ஊத்தி கான்கிரீட்ல ஒட்டிப் பிடிக்க வைக்கற போல்ட்) வச்சு, அதுமேல கட்டை ஊத்தணும். வெட்டின ஓரத்தை வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, தண்ணி கட்டி ஒரு நாள் விட்டுப் பாத்து, கசியலன்னா அப்புறம்தான் ஸ்டாண்ட் ஏத்தணும். கால் பீம் மேலயோ சுவர் மேலயோ வர்ற மாதிரி அமைக்கச் சொல்லுங்க, ரூம் நடுவுல தளத்துல வேணாம். மாடி ஓரத்துலயும் மூலைலயும்தான் காத்து அதிகமா இழுக்கும், கைப்பிடி சுவர்லேர்ந்து நல்லா உள்ள தள்ளி வைங்க. எட்டடி உயரம்னா குறுக்கு சப்போர்ட் கட்டாயம் வேணும், வெறும் நாலு கால்ல நிறுத்தினா ஒத்துக்காதீங்க. ஸ்டாண்ட் வரைபடத்துல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து கேளுங்க, மூஞ்சி சுளிச்சா வேற வெண்டாரைப் பாருங்க.

கடல் காத்துக்கு இரும்பு சீக்கிரம் போயிடும். ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த பூச்சு) 80 மைக்ரான், நட்டு போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ், சைட்ல வந்து வெல்டிங் அடிக்கற வேலையே கூடாது. வெல்டிங் அடிச்ச இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், அங்கேர்ந்துதான் துரு ஆரம்பிக்கும்.

ஒயர்மேன்_பாலு:
சார் ஸ்டாண்ட் பத்தி சொல்லிட்டாரு, நான் கரண்ட் பக்கம் சொல்றேன் மேடம். மொத விஷயம் எர்த். மூணு குழி தனித்தனியா இருக்கணும். இடிதாங்கிக்கு ஒண்ணு, பேனல் ஃப்ரேமும் டிசி பக்கமும் (பேனல்லேர்ந்து வர்ற கரண்ட்) ஒண்ணு, இன்வெர்ட்டரும் (டிசிய ஏசியா மாத்தற சோலார் பெட்டி, உங்க யூபிஎஸ் இல்ல) ஏசி பக்கமும் (வீட்டுக் கரண்ட்) ஒண்ணு. மூணுத்தையும் ஒரே குழில விட்டு முடிக்கறவங்க இருக்காங்க, ஒத்துக்காதீங்க, இடி விழுந்தா அது இன்வெர்ட்டர் வழியா வீட்டுக்குள்ள வரலாம். குழி எங்க வெட்டப் போறாங்கன்னு இப்பவே இடத்தைக் காட்டச் சொல்லுங்க, செப்டிக் டேங்க், தண்ணி பைப் எங்க போகுதுன்னு உங்க அப்பாவுக்குத்தான் தெரியும், அவரைப் பக்கத்துல நிக்க வைங்க. முடிஞ்சதும் எர்த் டெஸ்டர் வச்சு உங்க கண்ணு முன்னாடி அளக்கணும், 5 ஓம்முக்கு கீழ வரணும்.

ரெண்டாவது வீட்டு ஒயரிங். பழைய வீடுன்னா நிறைய இடத்துல யூபிஎஸ் நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) மெயின் நியூட்ரலும் மாத்தி மாத்தி கலந்திருக்கும். சோலார் வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, வந்தப்புறம்தான் இன்வெர்ட்டர் எர்ரர் காட்டும், ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) சும்மா சும்மா விழும். அதனால முன்னாடியே ஒரு லைசென்ஸ் உள்ள ஆளை வச்சு டிபி பாக்ஸை (சுவிட்செல்லாம் இருக்கற மெயின் பெட்டி) திறந்து பாத்துருங்க. சோலார் லைன் மெயின் பக்கம்தான் சேரணும், யூபிஎஸ் அவுட்புட்ல தப்பித்தவறியும் சேக்கக் கூடாது, யூபிஎஸ் எரிஞ்சுடும்.

மூணாவது, எல்லாரும் மறக்கறது. வெயில் பட்டாலே பேனல்ல கரண்ட் இருக்கு. ஆறு பேனல வரிசையா கோத்தா 300 வோல்ட் டிசி கிட்ட வரும், மெயின இறக்கினா ஏசி போகும், ஆனா பேனல்லேர்ந்து இன்வெர்ட்டர் வரைக்கும் ஒயர்ல அப்படியேதான் இருக்கும். டிசி ஆர்க் (ஒயர் விலகற இடத்துல தாவற தீப்பொறி) ஏசி மாதிரி தானா அணையாது. எம்சி4 கனெக்டர் (பேனல் ஒயர கோக்கற பிளக்) ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனியா இருக்கணும், பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு வேற வேற பிராண்டை கோத்தா லூஸ் கனெக்ஷன் ஆகி சூடாகி உருகிடும், தீப்பிடிக்கற முக்கியமான இடத்துல அதுவும் ஒண்ணு. டிசி பாக்ஸ்ல போடற சுவிட்ச், எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழற சுவிட்ச்) டிசிக்குன்னே செஞ்சதான்னு மேல எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாருங்க.

கடலூர்க்காரி:
ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. சீலிங்ல ஹால் ஓரத்துல ஒரு இடத்துல பூச்சு பொடபொடன்னு இருக்கு, நாளைக்கே கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து தட்டிப் பாக்கச் சொல்றேன். ஈபி கம்பி பத்தி யாராவது சொல்லுங்களேன், கைப்பிடி சுவர்லேர்ந்து கை நீட்டினா எட்டற மாதிரிதான் போகுது.

ரிட்டையர்டு_லைன்மேன்:
அம்மா, கை எட்டற தூரத்துல இருந்தா அதுவே தப்பு. லோ டென்ஷன் கம்பி (வீடுகளுக்குக் கரண்ட் குடுக்கற தெருக் கம்பி) கட்டடத்துலேர்ந்து பக்கவாட்டுல 1.2 மீட்டராவது தள்ளி இருக்கணும், மேல போனா 2.5 மீட்டர் உயரத்துல இருக்கணும். உங்க ஈபி பிரிவு அலுவலகத்துல ஏஈ (உதவிப் பொறியாளர்) கிட்ட எழுதிக் குடுங்க, கம்பிய தள்ளிப் போடவோ ஏபி கேபிளா (மேல உறை போட்டு முறுக்கின கம்பி) மாத்தவோ எஸ்டிமேட் போட்டுத் தருவாங்க. அது முடியற வரைக்கும் மாடில வேலை ஆரம்பிக்க விடாதீங்க.

ஏன்னா பேனல மாட்டற அலுமினியச் சட்டம் (ரெயில்) ஒவ்வொண்ணும் பத்துப் பதினாலு அடி நீளம். கீழேர்ந்து ஒருத்தன் தூக்கிக் குடுப்பான், மேல ஒருத்தன் வாங்குவான், வாங்கினவன் திரும்பும்போது பின்னாடி முனை கம்பில படும். அவன் முன்னாடி பாத்துக்கிட்டிருப்பான், பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. சர்வீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி செத்துப்போன பையன்களை நான் பாத்திருக்கேம்மா. தெருப்பக்கம் எதையும் ஏத்தவே வேணாம், கொல்லைப் பக்கமா கயிறு கட்டி ஏத்தச் சொல்லுங்க. வேலைக்கு வர்ற பசங்க பெல்ட் போடறாங்களா, அத எதுல மாட்டறாங்கன்னு பாருங்க. பெல்ட்ட இடுப்புல கட்டிக்கிட்டு கொக்கிய சும்மா தொங்க விட்டுட்டு வேலை செய்வாங்க. எட்டடி ஸ்டாண்ட் மேல நின்னா கைப்பிடி சுவர் காலுக்கும் கீழ போயிடும், தடுக்கினா நேரா தெருதான்.

இன்னொண்ணு, கரண்ட் கட்டானா ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (ஈபி லைனோட சேந்து ஓடற சோலார் இன்வெர்ட்டர்) தானா நின்னுடும், கம்பத்துல வேலை பாக்கற எங்க ஆளுங்களுக்கு உங்க வீட்டுக் கரண்ட் ஏறக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கு. நெட் மீட்டர் (வர்ற கரண்டையும் நீங்க ஈபிக்கு அனுப்பறதையும் அளக்கற மீட்டர்) மாட்டும்போது மெயின இறக்கிப் பாருங்க, இன்வெர்ட்டர் உடனே நிக்கணும்.

மாடித்தோட்டம்:
அக்கா எங்க வீட்ல போட்டு ஒரு மழைக்காலம் தாண்டிடுச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கற மாதிரி தேதி கேளுங்க, ஈரத் தளத்துல ட்ரில்லிங் வேலைய செய்ய விடாதீங்க. தண்ணி டேங்குக்கு போற வழிய மறிக்காம ஸ்டாண்ட் வைக்கச் சொல்லுங்க, எங்க வீட்ல பிளம்பர் பேனல் மேல கால வச்சுத்தான் போகணும்ங்கற நிலைமை, இப்ப மாத்தணும்னா செலவு. இன்வெர்ட்டர் எங்க மாட்டறாங்க?

கடலூர்க்காரி:
மாடிப்படிக்கு கீழன்னு சொன்னாரு தம்பி. அங்கதான் கேஸ் சிலிண்டர் ஸ்பேரும் பழைய பேப்பரும் இருக்கு.

ஒயர்மேன்_பாலு:
வேணாம் மேடம், அங்க வேணவே வேணாம். ஒண்ணு சிலிண்டர வெளிய மாத்துங்க, இல்ல இன்வெர்ட்டர வேற சுவர்ல மாட்டச் சொல்லுங்க. நேர் வெயிலும் சாரலும் படக் கூடாது, சுத்தி காத்து போக இடம் வேணும், பின்னாடி மரப்பலகை கூடாது. படிக்கட்டு வழியாத்தான் தப்பிச்சு வரணும், அங்க தீப்பிடிக்கற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்துலயே ஒரு ஏபிசி பவுடர் தீயணைப்பான் மாட்டுங்க, தண்ணி ஊத்தக் கூடாதுன்னு அம்மா அப்பாவுக்கும் சொல்லி வைங்க. ஆஃப் பண்ற வரிசைய பெருசா எழுதி ஒட்டுங்க, முதல்ல ஏசி, அப்புறம் டிசி சுவிட்ச். ஓடிக்கிட்டு இருக்கும்போது எம்சி4 ஒயர யாரும் உருவக் கூடாது. 101க்கு போன் பண்ற நிலைமை வந்தா மாடில சோலார் இருக்குன்னு முதல் வார்த்தையாவே சொல்லணும்.