தாத்தாவின் ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு என்ன கலர்?

குழு: கீழ ராஜ வீதி வீடு
ஞாயிறு, மாலை 4:10

ஹரிணி: (படம்) இது என்ன சைக்கிள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். எங்கள் புரொபசர் ஒருவர் இதில்தான் கேம்பஸுக்கு வருகிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

கார்த்திக்: முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. ஹேண்டில்பார் ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி நிற்கிறது. சர்க்கஸ் வண்டியா?

ஹரிணி: ராலே சாப்பர் அண்ணா. 1970-களில் இங்கே இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பையன்கள் இதற்காக வீட்டில் அழுது அடம் பிடித்திருக்கிறார்கள். முன்னால் 16 இன்ச், பின்னால் 20 இன்ச். மூன்று கியர். கியர் லீவர் கைப்பிடியில் இல்லை, நடு பாரில் நிற்கும். 80-களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 2023-ல் பழைய வண்டியை ஸ்கேன் செய்து, அதே உருவத்தில் மறுபடி விட்டார்கள்.

குமார் சித்தப்பா: விலை?

ஹரிணி: வந்தபோது 950 பவுண்டு.

குமார் சித்தப்பா: லட்சம் ரூபாய்! சைக்கிளுக்கு!

மீனா சித்தி: அதற்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கி, மிச்சத்தில் வருஷம் பூரா பெட்ரோல் போடலாம்.

ஹரிணி: வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்துவிட்டது சித்தி. புரொபசர் வீட்டில் அவர் அண்ணனுக்கு மட்டும் சாப்பர் கிடைத்ததாம். இவருக்கு அண்ணன் ஓட்டித் தேய்த்த வேறு ஏதோ வண்டி. ஐம்பது வருஷமாக அந்த ஆத்திரத்தை வைத்திருந்திருக்கிறார்.

பெரியப்பா: இதில் டபுள்ஸ் போகலாமா?

ஹரிணி: அதுதான் பெரியப்பா பிரச்சினையே. சீட் நீளம், அதனால் எல்லோரும் டபுள்ஸ் போனார்கள். பின்னால் பாரம் ஏறியதும் முன் சக்கரம் தூக்கிவிடும். 1972-ல் இரண்டாவது மாடல் வந்தபோது சீட்டை முன்னால் நகர்த்தினார்கள். இப்போது திரும்ப வந்திருப்பதும் அந்த இரண்டாவது மாடல்தான். அந்தக் கியர் லீவரைப் பற்றிப் புரொபசர் சொன்னதைக் குடும்பக் குழுவில் எழுத முடியாது.

குமார் சித்தப்பா: புரிகிறது, புரிகிறது.

ஹரிணி: இன்னொரு விஷயம். நாட்டிங்காமில் நான் படிக்கும் ஜூபிலி கேம்பஸே பழைய ராலே தொழிற்சாலை இருந்த இடத்தில்தான் கட்டியிருக்கிறார்கள்.

குமார் சித்தப்பா: அப்படியானால் நீ பங்காளி வீட்டில்தான் இருக்கிறாய். ராலேயை 1960-ல் வாங்கியது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ். அதே கம்பெனிதான் 1949-ல் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து இங்கே டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ எல்லாம் அந்த ஊர்ப் பெயர்கள். வண்டி மட்டும் நம் அம்பத்தூர். காலை ஷிப்டுக்குத் தொழிற்பேட்டைப் பக்கம் சைக்கிள் கூட்டம் போனதைப் பார்த்திருக்க வேண்டும், பஸ்ஸே நின்று வழி விடும்.

கார்த்திக்: பிஎஸ்ஏ என்றால் பைக் இல்லையா சித்தப்பா? 2024 ஆகஸ்ட் 15 அன்று கோல்டு ஸ்டார் இங்கே வந்ததே. மூன்று லட்சம்.

குமார் சித்தப்பா: பெயர் ஒன்று, இப்போது வீடு இரண்டு. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம் பிஎஸ்ஏ. 1861-ல் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தவர்கள், பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். பைக் பெயரை 2016-ல் மகிந்திராவின் கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கியது. சைக்கிள் பெயர் டிஐ-யிடம் இருக்கிறது. நான் காலேஜ் போனது பிஎஸ்ஏ எஸ்எல்ஆரில். அதற்கு முன்னால் ஓட்டிய கறுப்பு வண்டியோடு ஒப்பிட்டால் அது காற்று.

மீனா சித்தி: ஆரம்பித்துவிட்டார். இனி அந்த எஸ்எல்ஆர் கதை முடிய இரவு ஆகும்.

பாலு: (படம்) இனிய மாலை வணக்கம். வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் குடித்தால் கிடைக்கும் பதினான்கு நன்மைகள்.

ஹரிணி: அப்பா! கொஞ்சம் மேலே போய்ப் படியுங்கள்.

பெரியப்பா: எஸ்எல்ஆர் எல்லாம் குமார் காலம். எனக்கும் பாலுவுக்கும் வாடகை சைக்கிள்தான். கடையில் அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி என்று வரிசையாக நிற்கும். மட்கார்டில் நம்பர் எழுதியிருக்கும். எடுத்த நேரத்தைக் கடைக்காரர் சிலேட்டில் எழுதுவார். ஜாமீன் என்று எதுவும் இல்லை, "யார் மகன்?" என்று கேட்பார், அவ்வளவுதான். அரை வண்டிக்கு எப்போதும் கூட்டம். அதனால் முழு வண்டியை எடுத்துக் குரங்கு பெடல். வலது காலை பாருக்கு அடியில் நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலில் வைத்து, வலது அக்குளில் சீட்டை இடுக்கி, இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து... உடம்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். பெடல் முழுச் சுற்று வராது, பாதி மிதித்துப் பாதி திருப்ப வேண்டும். அப்படியே பிரகதாம்பாள் கோயில் வரைக்கும் போவோம்.

கார்த்திக்: இறங்குவது எப்படி?

பெரியப்பா: இறங்குவது என்று ஒன்று கிடையாது. விழுவதுதான்.

கார்த்திக்: (படம்) சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா வண்டி இன்னும் நெல் அறையில்தானே இருக்கிறது? அதை நான் ரெட்ரோ ஸ்டைலில் செய்து பெங்களூருக்கு எடுத்துப் போகலாமா? இங்கே ஒரு கடையில் பார்த்தேன். வெளிர் பச்சை, கிரீம் கலர் டயர், பழுப்பு சீட், முன்னால் பிரம்புக் கூடை. அழகாக இருக்கிறது. ஆனால் தொட்டுப் பார்த்தால் சீட் ரெக்சின், பிரம்பு பிளாஸ்டிக். அதற்குப் பதினைந்தாயிரம் கேட்கிறார்கள். நம்மிடம் அசலே இருக்கிறதே.

பெரியப்பா: (படம்) இருக்கிறது. இப்போதுதான் சாக்கை எடுத்துவிட்டுப் படம் பிடித்தேன். டயர் இரண்டும் தரையோடு ஒட்டிவிட்டது. செயின் கவருக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. டைனமோ இருக்கிறது, லைட் இல்லை. முனிசிபாலிட்டிக்கு வரி கட்டினால் தரும் தகர டோக்கன் இன்னும் ஹேண்டிலுக்குக் கீழே தொங்குகிறது, எழுத்து படிக்க முடியவில்லை.

ஹரிணி: சைக்கிளுக்கு வரியா?!

பெரியப்பா: டோக்கன் இல்லாவிட்டால் பிடிப்பார்கள். ராத்திரி லைட் இல்லாவிட்டாலும், டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். வால் டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கி அனுப்புவார்கள். உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வர வேண்டும்.

குமார் சித்தப்பா: கார்த்திக், ஒன்று சொல்கிறேன் கேள். வெளிர் பச்சை அடித்தால் அது தாத்தா வண்டி இல்லை, நீ பார்த்த கடை வண்டி. அந்தக் கறுப்பு பெயிண்டின் மேல் ஓடும் பொன் கோடு எவ்வளவு மங்கியிருந்தாலும் அப்படியே விடு. துருவுக்கு மட்டும் வழி பார். ரிம்மில் இருப்பது குரோம், அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே மேல் துரு போய்விடும். அப்புறம் தேங்காய் எண்ணெய்த் துணி. கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னை மட்டும் யாரும் சுத்தியலால் அடிக்க வேண்டாம், வளைந்தால் வெளியே வராது. ராத்திரி பூரா எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். ஹப்பிலும் கிராங்கிலும் பால்ரஸ் புதிதாக மாற்றி கிரீஸ் வைக்கச் சொல். கம்பி பிரேக்குக்கு ரப்பர் கட்டை கிடைக்கும். டயர் 28-க்கு 1½, அதுவும் கிடைக்கும், ஏனென்றால் பால்காரருக்கும் மூட்டை ஏற்றுகிறவருக்கும் அந்தக் கறுப்பு வண்டியை இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதை யாரும் ரெட்ரோ என்று சொல்வதில்லை, விலையும் அதனால் ஏறவில்லை.

கார்த்திக்: சீட்?

குமார் சித்தப்பா: தோல் சீட் என்றால் மூக்குக்கு அடியில் ஒரு நட் இருக்கும், அதைத் திருகினால் தொய்வு போகும். அதிகம் திருகினால் கிழியும். இங்கிலாந்தில் புரூக்ஸ் என்று ஒரு கம்பெனி, 1866-லிருந்து இருக்கிறது, நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே உருவத்தில் தோல் சீட் விற்கிறது. உண்மையான பழைய சாமான் அப்படித்தான், நடுவில் நிறுத்தியிருக்கவே மாட்டார்கள். இன்னொன்று, 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றுதான் அட்லஸ் சைக்கிள் கம்பெனி டில்லி பக்கத்துச் சாகிபாபாத் தொழிற்சாலையை நிறுத்தியது. நாடு பூரா எத்தனை வீட்டில் அட்லஸ் நின்றது! அதற்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

மாலை 5:32

செல்வி அத்தை: எல்லோரும் பேசி முடித்தீர்களா? கோயிலுக்குப் போய் வருவதற்குள் நூறு மெசேஜ்.

செல்வி அத்தை: அண்ணே, குரங்கு பெடலைப் பற்றி அழகாக எழுதினீர்கள். நான் அப்போது எங்கே இருந்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். உங்கள் இரண்டு பேருக்கும் நான்தான் பேலன்ஸ். ஒரு நாள் நான் காசு கொண்டுபோய் அரை வண்டி கேட்டேன். கடைக்காரர் "அண்ணனை அனுப்பு பாப்பா" என்றார்.

பெரியப்பா: அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே செல்வி.

செல்வி அத்தை: உங்களுக்கு எப்படி இருக்கும்.

செல்வி அத்தை: நான் சைக்கிள் கற்றது 1991-ல், மாமா இறந்த பிறகு, கையில் பிள்ளையோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் அறிவொளி இயக்கம் அப்போதுதான் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆரம்பித்தது. ராத்திரி கிராமத்துக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும், திரும்பி வர பஸ் கிடையாது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பெண்கள் எழுத்து மட்டும் கற்றால் போதாது, சைக்கிளும் ஓட்ட வேண்டும் என்று அதையும் இயக்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் மைதானத்தில் போய்ப் பார்த்தால் வயல் வேலை முடித்து வந்தவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், டீச்சர், நர்ஸ், எல்லோரும் முட்டியில் மண்ணோடு நிற்போம். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? கிடைத்ததெல்லாம் வீட்டு ஆண்களின் முழு வண்டி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பார் மேல் காலைத் தூக்கிப் போட வேண்டும். முதல் நாள் தூக்கவே வெட்கம். ஒரு வாரத்தில் வெட்கம் போய்விட்டது, முட்டி வலிதான் மிச்சம்.

ஹரிணி: அத்தை, நிறுத்தாதீர்கள்.

செல்வி அத்தை: அப்புறம் லேடீஸ் சைக்கிள் வந்தது, கடைகளில் கேட்டால் ஸ்டாக் இல்லை என்கிற அளவுக்கு விற்றது. ஆனால் எங்களில் நிறையப் பேர் பார் வைத்த வண்டியே போதும் என்றார்கள். பாரில்தானே பிள்ளையை உட்காரவைக்க முடியும்? பின்னால் கேரியரில் குடம், பாரில் பிள்ளை. நான் உங்கள் சுந்தர் அண்ணனை அப்படித்தான் பால்வாடியில் விட்டேன்.

கார்த்திக்: தாத்தா வண்டியிலா?

செல்வி அத்தை: இதே ஹெர்குலிஸில். உன் தாத்தா முதலில் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். ஊர் என்ன சொல்லும் என்றார். இன்னொரு சாவி அரிசிப் பானைக்குள் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தது அப்பத்தா.

பெரியப்பா: அம்மாவா?!

குமார் சித்தப்பா: அக்கா, நான் அப்போது வீட்டில்தானே இருந்தேன். எனக்கே தெரியாதே.

செல்வி அத்தை: நீ எஸ்எல்ஆரைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

மீனா சித்தி: அண்ணி, இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மீனா சித்தி: எங்கள் பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்த முதல் வருஷங்கள் ஞாபகம் வருகிறது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஆரம்பித்து, பிறகு விரிவாக்கினார்கள். வண்டி வந்த அன்று மத்தியானம் ஒரு பாடம் நடக்காது. பெல் அடித்தே காது போய்விடும்.

செல்வி அத்தை: கார்த்திக், நீ அனுப்பிய கடைப் படத்தைப் பார்த்தேன். கூடை வைத்த வண்டியில் பூப்போட்ட கவுனோடு ஒரு பெண், முடி பறக்கிறது. அந்தக் காலம் என்று எழுதியிருக்கிறார்கள். யார் காலம்? கீழ ராஜ வீதியில் எந்தப் பெண் அப்படிப் போனாள்? குமார் சொல்வது சரி. பெயிண்ட் அடிக்க வேண்டாம். பாரில் சுந்தருக்காக நான் வைத்துக் கட்டிய துணித் திண்டின் தடம் இருக்கும், பெயிண்ட் தேய்ந்து. அண்ணே, பாருங்கள்.

பெரியப்பா: (படம்) இருக்கிறது.

கார்த்திக்: சரி அத்தை. பச்சை வாபஸ். பெங்களூரும் வாபஸ். வண்டி உங்களுக்குத்தான்.

செல்வி அத்தை: நீ என்னடா கொடுப்பது.

ஹரிணி: அத்தை, இப்போது ஓட்டுவீர்களா? முழங்கால்?

செல்வி அத்தை: முழங்காலுக்கு நடப்பதுதான் கஷ்டம், மிதிப்பது இல்லை. பார் மேல் கால் போடத்தான் யோசனையாக இருக்கிறது. திண்ணையோரம் நிறுத்தி ஏறிக்கொள்வேன்.

குமார் சித்தப்பா: ஓவராயில் செலவு என்னுடையது அக்கா. டயர், டியூப், பிரேக் கட்டை, எல்லாம்.

கார்த்திக்: நான் டைனமோவுக்கு லைட் வாங்கித் தருகிறேன். பழைய உருண்டை லைட் மாதிரியே உள்ளே எல்இடி வைத்து வருகிறது. அதுவாவது ரெட்ரோவாக இருக்கட்டும்.

செல்வி அத்தை: சரி, லைட் வாங்கு. கூடையும் வாங்கு.

கார்த்திக்: கூடையா? இப்போதுதானே திட்டினீர்கள்!

செல்வி அத்தை: கவுனைத்தான் திட்டினேன். கீரைக் கட்டை எதில் வைப்பது? இரும்புக் கூடை பார், பிளாஸ்டிக் வேண்டாம்.

பெரியப்பா: கடைக்காரரிடம் பேசிவிட்டேன். காலையில் ஆள் அனுப்புகிறாராம். வண்டி பூட்டியிருக்கிறதே, பூட்டை உடைக்கச் சொல்லவா?

செல்வி அத்தை: உடைக்காதீர்கள் அண்ணே. சாவி என்னிடம் இருக்கிறது, பத்து மணிக்குள் வருகிறேன். சீட்டை மட்டும் இரண்டு விரல்கடை இறக்கச் சொல்லுங்கள்.

பாலு: யார் சைக்கிள் வாங்குகிறார்கள்?