சோக்கை எடுத்ததும் நின்றுபோகிறது, 49 சிசி பாக்கெட் பைக், உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்புக்குள் அண்ணன் மகன் ஓட்டுவதற்காக பழைய 49 சிசி பாக்கெட் பைக் (குட்டி சைஸ் பைக்) ஒன்று வாங்கினோம், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. ரோட்டுக்கு எடுப்பதே இல்லை.

பிரச்சினை இதுதான். சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் விசை) போட்டால் நாலு இழுப்பில் பற்றிக்கொள்கிறது, சோக்கை எடுத்து ஆக்சிலேட்டரைத் திருகியதும் ஒரு விக்கு விக்கி நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றினால் நுனி சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளை. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம், அதுவரை புரிகிறது. பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில்தான் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலக்கிறேன். கார்ப்பரேட்டரைப் பிரித்து மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையை, கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையால் குத்தி ஊதினேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் மறுபடி அதேதான்.

இப்போது கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் மேல்தான் சந்தேகம், அங்கே லேசாக எண்ணெய் கசிந்திருக்கிறது, அந்த வழியாகத்தான் காற்று உள்ளே போகிறதோ என்று. பேக்கிங் ஷீட்டை வெட்டிப் போட்டால் தாங்குமா, இல்லை கிராங்க் ஆயில் சீலையும் (இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சேர்த்து மாற்ற வேண்டுமா? இப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகிவிடும் என்று வண்டியைத் தொடவிடவில்லை. பையன் தினமும் பள்ளி விட்டு வந்ததும் மேலே மூடின சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டுப் போகிறான், மனசு கேட்கவில்லை.

கூடவே 90/65-6.5 அளவில் முன் டயர் ஒன்றும் வேண்டும். கோவையில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.