"பயப்படாத" எண்டா பயம் போயிருமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லடி, கூடைப்பந்து பயிற்றுநர்

17 வயசுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்குப் பின்னேரங்கள்ல பழக்கிறன். எங்கட டீமில ஒரு புள்ள, பயிற்சியில ஃப்ரீ த்ரோ, அதாவது ஆரும் மறிக்காம கோட்டில நிண்டு எறியிற பந்து, எறிஞ்சா பத்துக்கு ஏழெட்டு விழும். மெட்ச் எண்டு வந்தா கை விறைச்சிரும், பந்து வளையத்தையே தொடாது. மட்டக்களப்பில கூடைப்பந்து பார்க்க வாறவங்க சும்மா பார்த்திட்டுப் போற ஆக்கள் இல்ல. அமெரிக்காவில இருந்து வந்த இயேசு சபைப் பாதிரிமார் பழக்கிவிட்ட விளையாட்டு, அதால கரையில நிக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு கோச். அந்தப் புள்ளட அப்பா அதில முதலாள். "முழங்கைய உள்ளுக்கு எடு! காலை மடக்கு!"

விளையாட்டு உளவியல் படிச்ச உளவளத்துணையாளர் ஒருத்தர், தெரிஞ்ச மனிசன், ஒருநாள் வந்து கரையில குந்தியிருந்து பார்த்தார். தன்னம்பிக்கை, வெற்றி எண்டு ஒரு சொல்லும் கதைக்கல்ல. புள்ளயக் கூப்பிட்டு, "எறியிறத்துக்கு முன்ன மனசில என்ன ஓடுது?" எண்டு மட்டும் கேட்டார்.

"முழங்கை, விரல், மறுகா அப்பா" எண்டாள்.

பழகின கையிர வேலைக்குள்ள மூளை பூந்து மேற்பார்வை பார்க்கிறதுதான் சிக்கல் எண்டார். 2001இல பெய்லொக், கார் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் கோல்ஃப் பந்து தட்ட விட்டு இதைச் சோதிச்சிருக்காங்க. வீடியோ கமராவுக்கு முன்னால, ஆள் பார்க்குது எண்ட கூச்சத்தோடயே பழகினவங்க நெருக்கடி வந்த நேரம் தடுமாறல்ல.

அதால ரெண்டு காரியம் செஞ்சம். எறிய முன்ன ரெண்டு தரம் பந்தைத் தட்டு, மூச்சை விடு, வளையத்திர பின் விளிம்பப் பாரு, அவ்வளவுதான் அவக்கு வேலை. மற்றது, அப்பாவையும் பயிற்சிக்கே கூப்பிட்டு, "கத்துங்க ஐயா" எண்டு விட்டம். முதல்நாள் மனிசன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில விழுந்த பந்த எண்ணிக்கொண்டு இருந்தார். வலய மட்டத்தில ரெண்டுக்கு ரெண்டும் போட்டாள். மாகாணத்தில ஒண்டு தவறிச்சு. தவறின உடன நிலத்தப் பார்க்காம பந்துக்கு ஓடினாள். எனக்கு அது போதும்.

பொத்துவில், அலைச்சறுக்கு பழக்குபவர்

நம்ம அறுகம்பேயிலயும் இதே கதைதான். பலகையில எழும்பின உடன எல்லாரும் காலைப் பார்ப்பாங்க. பார்த்தா விழுந்தாங்க. "பயப்படாதீங்க" எண்டு கத்திப் பிரயோசனமில்ல. கரையில இருக்கிற கடை போர்டைக் காட்டி, "அதை வாசிச்சிக்கிட்டே வாங்க" எண்டுவன். வாப்பா தோணி விடப் பழக்கினதும் இப்பிடித்தான். "தோணிட மூக்கப் பார்க்காத, பள்ளி மினாராவப் பாரு."

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பொத்துவில் தம்பி சொன்னதற்கு ஆய்வு ஆதாரமே உண்டு. 1998இல் கேப்ரியல் வூல்ஃப் குழுவினர் பனிச்சறுக்குப் பொறியொன்றில் ஆட்களைப் பழக்கினார்கள். தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழிருந்த சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்தில் உளவியல் பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது வேறு. வளவாளர் வருவார், ஒலிவாங்கி அலறும், எல்லோரும் எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று கத்துவோம், பிறகு சாப்பாட்டுப் பார்சல், சான்றிதழ், குழுப்படம். தன்மீதான நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று அல்பேர்ட் பண்டூரா 1977லேயே எழுதிவிட்டார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் வலுவான ஊற்று. அடுத்தவர் வாய்ச்சொல் அதற்குப் பின்னால்தான் வரும். மண்டபத்துக்குள் கத்தியதில் யார் எதைச் செய்து முடித்தார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யுத்தமும் சுனாமியும் கடந்த மண் இது. ஒருவருக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரை வெறுத்த பேச்சு வருகிறது என்றால் அது எந்தப் பயிற்றுநருடைய வேலையும் அல்ல. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள்.

மருதமுனை, கைத்தறி நிலையம் நடத்துபவர்

சேர், அப்பிடியொரு செயலமர்வுக்கு நானும் போயிருக்கன். பார்சல் நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா அங்க ஒரு மிஸ் சொன்ன விசயம் மட்டும் மனசில நிண்டிட்டு. அமெரிக்காவில சின்னப் பிள்ளைகளுக்கு பேஸ்போல் பழக்கிற கோச்மாருக்கு ஸ்மித், ஸ்மோல் எண்ட ரெண்டு பேர் வகுப்பு எடுத்திருக்காங்க. புள்ள பிழை விட்டா ஏசாத, முதல்ல தைரியம் சொல்லு, அடுத்த தரம் எப்பிடிச் செய்யிறதெண்டு காட்டு. 1992இல வந்த ஆய்வில, அந்த வகுப்புக்குப் போன கோச்மாரிட பிள்ளைகள்ல அடுத்த வருசம் விளையாட்ட விட்டவங்க 5 வீதம். மற்றப் பக்கம் 26 வீதம்.

எங்கட தறிக்கு வாற பிள்ளைகளும் கொஞ்ச மாசத்தில நிண்டிருவாங்க. கூலி குறைவு எண்டது பெரிய காரணம், அதை மறைக்கல்ல. ஆனா ஏச்சும் ஒரு காரணம். முந்தி பாவுநூல் (தறியில நெடுக்க ஓடுற நூல்) ஒண்டு அறுந்தா, மேற்பார்வை பார்க்கிறவ இந்தத் தொங்கல்ல நிண்டு கத்துவா, எல்லாத் தறியும் சத்தமில்லாம நிண்டிரும். அதுக்குப் பயந்து பிள்ளைகள் அறுந்ததச் சொல்லாம நெஞ்சிட்டுப் போயிருவாங்க. சாரன் முடிஞ்சு விரிச்சுப் பார்க்கக்குள்ளதான் கோடு தெரியும்.

இப்ப அவ கிட்டப் போய்க் குந்தி, அறுந்த இழைய முடிஞ்சு, அச்சுப் பல்லுக்குள்ளால இழுத்துக் காட்டுறா. அடுத்தத அந்தப் புள்ளயே செய்யணும். பிள்ளைகளும் இப்ப "ராத்தா, அறுந்திட்டு" எண்டு உடன கூப்பிடுறாங்க. அதட லாபத்த நான் சாரன் கணக்கில பார்க்கிறன்.

வந்தாறுமூலை, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதப் போற பிள்ளையின் அம்மா

"பதறாம எழுது மனே" எண்டு வாசல்ல நிண்டு சொல்லுறத நான் விட்டிட்டன். மகன்ட டியூசன் சேர், பீட்டர் கொல்விட்சர் எண்ட ஜேர்மன் உளவியலாளர் ஆராய்ஞ்ச முறை எண்டு ஒண்டு சொல்லிக் குடுத்திருக்கார். இன்னது நடந்தா இன்னது செய்வன் எண்டு முன்கூட்டியே எழுதி வைக்கணும். மகன் மூண்டு வரி எழுதி அலுமாரியில ஒட்டியிருக்கார்.

கேள்வி தெரியாட்டி, அடையாளம் போட்டிட்டு அடுத்ததுக்குப் போவன்.

நெஞ்சு அடிச்சா, பேனைய வச்சிட்டு மூச்சை மெதுவா விடுவன்.

அம்மா "எப்பிடி எழுதின" எண்டு கேட்டா, "சாப்பிட்டிட்டுச் சொல்லுறன்" எண்டுவன்.